மருமகனுக்கு முதுகு காட்டிய வீடு

பழுகாமத்தில் யசோதினியின் கல்வீடு, அதன் உறுதிப்பத்திரம் அவளுடைய கணவன் ஜெயந்தனின் பெயருக்கு மாறிய மறுநாள் காலை, தெருவுக்கு முதுகைக் காட்டி வாவியைப் பார்த்து நின்றது. முதல் நாள் பின்னேரம் வரை வாசல் மேற்கே தெருப் பக்கம்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் தெருப் பக்கம் பின்புறத்துச் சமையலறையான குசினியின் சுவர். வாசற்கதவும் இரண்டு யன்னல்களும் கிழக்கே தண்ணீரைப் பார்த்தபடி. இது சீமெந்து விலை கொஞ்சம் இறங்கியிருந்த 2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் நடந்தது. சுவர்கள் கூரை மட்டம் வரை எழும்பியிருந்தன, கதவு நிலைகளும் பூட்டியாகிவிட்டன, கூரை மட்டும் இல்லை. வீட்டைக் கட்டிய மேசன் தங்கராசா வந்து குந்தியிருந்து அத்திவாரத்தைச் சுற்றிவர விரலால் தடவிப் பார்த்தார். மயிரிழை அளவு வெடிப்புக்கூட இல்லை. "வீடு கிறுகிட்டு. ஆனா என்ட வேலையில பிழையில்ல" என்று சொன்னார். திரும்புவதை இந்தப் பக்கத்தில் கிறுகுதல் என்பார்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் தன் பாட்டில் போய்விட்டார்.

மற்றவர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. யசோதினியும் அவளுடைய தாய் சின்னத்தங்கமும் நாலடி சுற்றி நடந்து, கதவைத் திறந்து உள்ளே போய், தரையில் காயப்போட்டிருந்த நெல்லைக் கிளறிவிட்டு வந்தார்கள். தொல்லை ஜெயந்தனுக்கு மட்டும்தான். அவன் வாவிப் பக்கம் சுற்றிப் போனால் அங்கேயும் குசினிச் சுவர் நின்றது. வடக்கால் போனாலும் அதுதான், தெற்கால் போனாலும் அதுதான். கண்ணை இமைக்கிற நேரத்துக்குள் வீடு காரியத்தை முடித்துவிடும், அவன் ஒருநாளும் அது திரும்புவதைக் கண்டதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு நிலம் அசைவது தெரியாது, சுவரில் விழுந்த வெயில் மட்டும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்து போகும். யன்னலால் ஏறிக் குதிக்கலாம் என்று ஊரில் சில கெட்டிக்காரர்கள் யோசனை சொன்னார்கள். யன்னலைக் கண்டால்தானே குதிப்பதற்கு.

இந்த உறுதி மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்தவர் லோன் நல்லரத்தினம். களுவாஞ்சிகுடிச் சந்தியில் போட்டோக் கொப்பிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு காற்றாடி, அவ்வளவுதான் அவருடைய கந்தோர். வீடு கட்ட வங்கிக் கடன் வேண்டியவர்கள் அவரிடம் போவார்கள். வங்கி எதைக் கேட்கும், எதைக் கேட்டுவிட்டு மறந்துபோகும், எதை மறக்கவே மறக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. படிவம் நிரப்புவார், நில அளவைக்காரரைப் பிடித்துத் தருவார், கடனின் முதல் தவணை கைக்கு வந்த பிறகுதான் தன் தரகை வாங்குவார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இழுபடுகிற கோப்பைக் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்கு வாசித்துக்கொண்டு வருவார். "ஒரு பைல் அசையல்ல எண்டா அதுக்குள்ள ஒரு கடதாசி குறையிது" என்பது அவர் கொள்கை. முப்பது வருடமாக அது பிழையானதில்லை.

ஜெயந்தனின் கோப்பில் சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. காணியும் வீடும் யசோதினியின் பெயரில், சம்பளம் ஜெயந்தனின் பெயரில். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை, அவளுக்குக் கிடைத்த கொடுப்பனவை வங்கி ஒரு வருமானமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கரடியனாறு கமநல சேவை நிலையத்தில் அரசாங்க வேலை, மாதம் தவறாத சம்பளச் சீட்டு. உழைக்கிறவரும் உடைமைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால்தான் அந்த வங்கி கடன் கொடுக்கும். நல்லரத்தினம் யோசிக்காமல் வழி சொன்னார்: யசோதினி வீட்டைப் புருசனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட வேண்டியது. சின்னத்தங்கம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மறுகா என்ட மகள்ட பேருக்கு வருமா?"

"கடன் முடிஞ்ச கையோட வரும் அக்கா" என்றார் நல்லரத்தினம்.

அவர் வேறு ஊர்க்காரர் என்றால் மன்னிக்கலாம். இந்த வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். இங்கே வீடு பெண்ணோடு போகும். தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்கள் தாங்கள் பிறந்த வீட்டை அக்கா தங்கச்சிக்கு விட்டுவிட்டு, கலியாணம் முடித்த வீட்டில் போய் இருப்பார்கள். ஜெயந்தனும் அப்படித்தான். அவனுடைய சின்ன வயதிலேயே தாய் செத்துப்போனாள். அவள் இருந்த வீடு மூத்த அக்காவுக்குப் போனது. இளைய அக்காவுக்கு ஆறு வருடம் உழைத்து அவனே ஒரு வீடு கட்டிக்கொடுத்தான். கட்டி முடித்த அன்று, தன் உடுப்புப் பையை எந்த மூலையில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அதனால் உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் உறுதியில் தன் பெயரைக் கண்டபோது அவன் சந்தோசப்பட்டான். வெட்கப்படுகிற அளவுக்குச் சந்தோசப்பட்டான். திரும்பி வருகிற பஸ்சில் அந்தப் பெயரை மூன்று முறை எடுத்துப் பார்த்தான், பக்கத்தில் இருந்த யசோதினி காணாததுபோல யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள்தான் வீடு கிறுகியது.

வங்கி கடனை எழுத்தில் அனுமதித்திருந்தது, ஆனால் பணம் விடுவதற்கு முன் ஒரு படம் வேண்டும். கடன் எடுப்பவர் அந்த வீட்டின் வாசலில் நிற்கிற படம். அனுமதிக் கடிதம் முப்பது நாளுக்குத்தான் செல்லும். படம் எடுக்கவும் வீட்டை மதிப்பிடவும் ஏறாவூரிலிருந்து ஹில்மி என்ற மதிப்பீட்டாளர் வந்தார். ஜெயந்தனைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வீட்டை மூன்று முறை சுற்றினார். மூன்று முறையும் குசினிச் சுவர். பிறகு ஜெயந்தனைத் தெரு முனைக்கு அனுப்பிவிட்டுச் சுற்றினார், அழகான முன்புறம், தேக்கு நிலை, இரண்டு யன்னல். படிப்பும் அனுபவமும் உள்ள மனிதர், கண்டதை எழுதினார்: முன்புறம் விண்ணப்பதாரர் இல்லாத வேளையில் மட்டும் காணப்படுகிறது. வங்கி முகாமையாளர் அதை வாசித்துவிட்டு, அறிக்கை நல்ல தெளிவாக இருக்கிறது, படத்தை மட்டும் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த மூன்று கிழமையும் ஜெயந்தன் படாத பாடு பட்டான். கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தான், மூக்கு குசினிச் சுவரில் இடித்தது. தோணியில் வந்து வாவிப் பக்கமாக இறங்கிப் பார்த்தான். பின்பக்கமாக நடந்து வந்தும் பார்த்தான், அதைத் தெருவில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். கமநல நிலையத்துக்கு வருகிற விவசாயிகள் பசளையைப் பற்றிப் பேசி முடித்ததும், "வீடு எப்படி ஐயா, இப்ப எந்தப் பக்கம்?" என்று சுகம் விசாரித்தார்கள். அவன் சிரித்துச் சமாளித்தான். இதற்குள் வானம் வடகிழக்கே கறுக்கத் தொடங்கியது. மாரி வந்துவிட்டால் கூரை இல்லாத சுவர்கள் தண்ணி குடித்து ஊறிவிடும். அவர்கள் மூவரும் இருந்த தகரக் கொட்டில் அதே வளவில் ஒரு மூலையில் நின்றது. அதில் போன மாரிக்கே ஏழு இடத்தில் ஒழுகியது, ஏழாவது ஒழுக்கு சரியாக யசோதினியின் தலைமாட்டில்.

ஒரு பின்னேரம் கொட்டில் வாசலில் இருந்துகொண்டு அவன் யசோதினியிடம் மனம் விட்டுச் சொன்னான். உறுதி கைக்கு வந்தபோது தான் உள்ளுக்குள் தன்னைப் பெரிய ஆளாக நினைத்ததாகவும், அது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்றும், தன்னை அதற்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"வீடு கிறுகினாக் கிறுகட்டும். நான் கிறுகல்லயே" என்றாள்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. போதுமாக இருந்ததால்தான் மறுநாள் நல்லரத்தினத்தின் கந்தோருக்குப் போனான். அனுமதிக் கடிதத்தில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

"உறுதிய அவள்ட பேருக்கே திருப்பி எழுதித் தாங்க அண்ணே."

"எழுதலாம். எழுதினா லோன் போயிரும், தம்பி. மறுகா கூரைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"கொட்டிலுக்கு ரெண்டு தகரம் வாங்கிப் போடுவன். எனக்கு வீடு வேணும் எண்டு ஆசதான், இல்லையெண்டு செல்லல்ல. ஆனா அது என்னோட கோவிச்சிட்டு நிக்கிறத ஒவ்வொரு நாளும் பாக்க ஏலாம இரிக்கி."

வட்டி கூடிப்போச்சு என்று வந்து கத்துகிறவர்களை நல்லரத்தினம் கண்டிருக்கிறார். கடனைக் கட்ட முடியாமல் அழுதவர்களையும் கண்டிருக்கிறார். வீட்டின் மனம் நோகக் கூடாது என்று கடனை வேண்டாம் என்றவன் இவன்தான் முதல் ஆள். கோப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அன்று முழுக்க அதைக் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்கு வாசித்தார். அளவைப் படம் இருந்தது, பிரதேச சபை அனுமதி இருந்தது, சம்பளச் சீட்டு, விவாகப் பதிவுப் பத்திரம், எல்லாம் இருந்தது. மறுபடியும் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் பழுகாமத்துக்கு வந்து, கொட்டில் வாசலில் வாங்குப் பலகையில் இருந்து, மூவரையும் கூப்பிட்டு, வங்கிப் படிவத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்.

"கலியாணம் எங்க நடந்த?"

"பதிவாளர்ட கந்தோர்ல" என்றாள் யசோதினி. "கொரோனாக் காலம் அண்ணே. ஆறு பேருக்குத்தான் அனுமதி."

"அதுக்குப் பிறகு மாப்பிள்ளைய வீட்டுக்க ஆரு கூப்பிட்ட?"

உண்மையில் யாரும் கூப்பிடவில்லை. ஊரடங்குக்கு முன் வந்து சேர வேண்டும் என்று ஜெயந்தன் ஒரு முச்சக்கர வண்டியில் தன் பையோடு வந்து இறங்கினான். அப்போது வீடு வெறும் அத்திவாரம். சீமெந்து இறக்க ஆள் இல்லை என்று தங்கராசா மேசன் கத்திக்கொண்டிருந்தார். இவன் சட்டையைக் கழற்றிவிட்டு மூடையைத் தூக்கினான். அன்று தூக்கத் தொடங்கியவன்தான், இரண்டு வருடம் கல்லும் மண்ணும் தண்ணியும் தூக்கினான். அந்த வீட்டுக்கு அவனை ஒரு வேலையாளாகத்தான் தெரியும். வேலையாளுக்கு அது வாசலைத் திறந்துவைத்திருந்தது, ஒரு குறையும் வைக்கவில்லை. திடீரென்று ஒரு நாள் வேலையாளின் கையில் தன் உறுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அது என்ன நினைக்கும்?

"கடதாசி ஒண்டும் குறையல்ல" என்றார் நல்லரத்தினம். "மருமகன மருமகனாக் கூப்பிடல்ல. அதான் குறை. இது எனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கோணும். பிழை என்னில."

சின்னத்தங்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று. தன் தாய் தன் புருசனை ஆலாத்தி எடுத்துக் கூப்பிட்டதை ஒரு நாளும் மறக்காதவள், தன் மகளின் முறை வந்தபோது நோய்க்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். நோய் போன பிறகும் நினைவு வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவப் பெண்ணின் சகோதரன் வேண்டும். யசோதினிக்கு ஒரே தம்பி, யதுர்ஷன், கட்டாரில். அவனை வீடியோவில் எடுத்துக் கேட்டார்கள். வருகிற வருடம் சித்திரைக்குத்தான் லீவு என்றான், வேண்டுமென்றால் வீடியோவிலேயே நிற்கிறேன் என்றான். வீடியோவில் நின்று காலைக் கழுவ முடியாது. அப்போது நல்லரத்தினம், சின்னத்தங்கத்திடம் குடி என்ன என்று கேட்டார். இங்கே குடி என்கிற குலப் பிரிவும் தாய் வழிதான். சின்னத்தங்கம் சொன்னாள். தன் தாயும் அதே குடிதான் என்றார் அவர். அப்படியென்றால் முறையில் அவர் யசோதினிக்கு அண்ணன். ஒரு வருடமாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களுக்கு இது அன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமை நாள் நல்லது என்றார்கள். கடிதத்துக்கு மூன்று நாள் மிச்சம். ஹில்மிக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவர் கமெராவோடு வந்து வேப்பமர நிழலில் நின்றார். வளவு வாசலில் பலகை போட்டு ஜெயந்தனை நிறுத்தினார்கள். புது வேட்டி, இரவல் சால்வை. முன்னால் வழக்கம்போலக் குசினிச் சுவர். நல்லரத்தினம் காற்சட்டையை மடித்துவிட்டு, முழங்கால் சத்தம் போடப் போட, மண்ணில் குந்தினார். செம்பில் கிணற்றுத் தண்ணீர், மஞ்சள். அவர் அவனுடைய வலது காலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக் கழுவினார். வயல் சேற்றில் வெடித்த குதிக்கால். சின்ன வயதில் தாய் கழுவிவிட்டதற்குப் பிறகு அந்தக் காலை இன்னொருவர் தொட்டதில்லை. ஜெயந்தனுக்கு அழுகை வந்தது, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதான். கால் கழுவியவருக்கு மோதிரம் போட வேண்டும், தன்னிடம் இல்லை, தரகுக் காசோடு சேர்த்துத் தருகிறேன் என்று அழுகைக்கு நடுவில் சொன்னான். "மச்சானிட்ட ஆரும் தரகு வாங்குவானா?" என்று நல்லரத்தினம் அடுத்த காலை எடுத்தார். சின்னத்தங்கம் ஆலாத்தித் தட்டைச் சுற்றினாள்.

யசோதினி வீட்டுக்குள்ளே நின்றாள், வீட்டுக்காரியாக அவள்தான் கூப்பிட வேண்டும். கூரை இல்லாததால் அவளுடைய குரல் சுவருக்கு மேலால் எழும்பி வந்தது.

"மாப்பிள்ள, உள்ளுக்கு வாங்க."

இந்த முறை ஜெயந்தன் பார்த்தான். தண்ணீர் நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்திருப்பவள் ஆரோ கூப்பிட்டால் திரும்புவதுபோல, சிந்தாமல், அவசரப்படாமல், வீடு திரும்பியது. முதலில் ஒரு மூலை வந்தது, பிறகு ஒரு யன்னல், பிறகு கதவு, கதவில் யசோதினி. முற்றத்து மண்ணில் ஒரு கோடுகூட விழவில்லை. அவன் ஈரக் காலோடு படியேறினான். ஹில்மி படத்தை எடுத்தார். அந்தப் படத்தில் ஓரமாகச் செம்போடு நிற்பவர் யார் என்று வங்கி கேட்டதற்கு, நல்லரத்தினம் தன் கையாலேயே பெண்ணின் அண்ணன் என்று எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை மழை தொடங்கியது, திங்கட்கிழமை பணம் வந்தது, தங்கராசா மழை விட்டுவிட்டுப் பெய்த இடைவெளிகளில் கூரையைப் போட்டு முடித்தார். சுவர் கொஞ்சம் நனைந்ததுதான், அதற்கும் தன் வேலையில் பிழையில்லை என்றார்.

அன்றிலிருந்து வீடு ஜெயந்தன் இருக்கிற திசையைப் பார்த்து நிற்கிறது. பகலில் வாசல் வடமேற்கே கரடியனாற்றுப் பக்கம் இருக்கும். பின்னேரம் மெதுவாகத் தெருவுக்கு வரும், வரத் தொடங்கியதும் யசோதினி தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பாள். பதினைந்து நாள் பயிற்சிக்கு அவன் அம்பாறைக்குப் போனபோது தெற்கே பார்த்தது, காற்று நன்றாக வருகிறது என்று சின்னத்தங்கம் சொன்னாள். மின்சாரம் கொடுக்க வந்தவர்கள் விசயத்தைக் கேட்டுவிட்டு இருபது அடி கம்பியைக் கூடுதலாகச் சுருட்டிவைத்துவிட்டுப் போனார்கள். தபால்காரர் எந்தப் பக்கம் வாசலோ அந்தப் பக்கம் மணியடிப்பார். நல்லரத்தினம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தங்கச்சி வீட்டுக்கு வருகிறார், வந்தால் கோப்புகளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது யசோதினி போட்ட சட்டம், அவர் பேசாமல் இருப்பதில்லை.

2025 ஆவணியில் யசோதினிக்கு மாதம் நிறைந்தது. விடியற்காலையில் களுவாஞ்சிகுடி ஆசுப்பத்திரியில் சேர்த்தார்கள், தாய் பக்கத்தில் நின்றாள். ஆண்கள் நின்று பயனில்லை, வீட்டுக்குப் போய் சுடுதண்ணிப் போத்தலும் இரண்டு துவாயும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று தாதி ஜெயந்தனை அனுப்பினார். அவன் பாலத்தைக் கடந்து பத்து மணிக்கு வளவுக்கு வந்தான். தெருப் பக்கம் குசினிச் சுவர் நின்றது. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறை. அவனுக்குப் பழைய நோவு அப்படியே திரும்பி வந்தது. என்ன குறை வைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு வளவைச் சுற்றி வாவிப் பக்கம் நடந்தான். வீடு அசையவில்லை. அவன் வாசலுக்கு நேரே வந்து நின்ற பிறகும் அது அவனைக் கவனிக்கவில்லை. கதவும் இரண்டு யன்னல்களும் அவனுடைய தலைக்கு மேலால், தண்ணீருக்கு அப்பால், ஆசுப்பத்திரி இருக்கிற கரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஜெயந்தனுக்கு விளங்கியது. படியில் இருந்தான். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அவன் தடுக்கவில்லை. வீட்டோடு சேர்ந்து அவனும் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசி அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் அடித்தது. சின்னத்தங்கம் பேசத் தொடங்க முதலே அவன் முந்திக்கொண்டான்.

"பொம்புளப் புள்ளதானே மாமி?"

"ஓம் மருமகன். தாயும் புள்ளயும் சுகம். உங்களுக்கு ஆரு செல்லின?"

"வீடு" என்றான்.

சின்னத்தங்கம் அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. சுடுதண்ணிப் போத்தலின் மூடி அலுமாரிக்கு மேலே இருக்கிறது, மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.